போர்ட் லூயிஸ் நகரில் தமிழ்

இந்தியப் பெருங்கடலில், ஆப்பிரிக்காவைச் சார்ந்த மொரீசியஸ் தீவின் தலைநகரம் போர்ட் லூயிஸ். கப்பல்கள் செறிந்த துறைமுகமும், ஆரவாரம் ஓயாத அங்காடியும், 1812இல் குதிரைப் பந்தயம் தொடங்கிய திடலும் உடைய இந்நகரின் அடித்தளத்தில் தமிழர் கைத்திறன் உண்டு. 1735இல் ஆளுநராக வந்த பிரெஞ்சுக்காரர் லபூர்தொனே இதனைத் துறைமுக நகராக்க முனைந்தார். அக்காலத்தே புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர், தச்சர் முதலியோர் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர், ஆங்கிலேயர் ஆட்சியில் 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்தனர். அவர்கள் கரையிறங்கிய ‘ஆப்ரவாசி காட்’ இந்நகரிலேயே உள்ளது. 2006இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அங்குள்ள தமிழ் மரபினருள் பெரும்பாலோர் இல்லத்தில் பேசுவது கிரியோல் மொழியே. ஆயினும், அந்நாட்டுப் பணத்தாள்களில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்களும் இடம்பெற்றுள்ளன. 1998இல் வெளிவந்த புதிய தாள்களில் தமிழ், இந்திக்குப் பின்னே தள்ளப்பட்டது. தமிழர் கிளர்ந்தெழுந்தனர், அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன.

நாவில் தேய்ந்த மொழிக்கு, தாளிலேனும் உரிய இடம் வேண்டுமெனப் போராடினர் அவர்கள். நாவிலும் ஏட்டிலும் தமிழை ஒருங்கே பெற்றுப் பேகம்பூரில் பயிலும் நம்முள், அத்தாளிலுள்ள தமிழ் எண்களைப் படிக்கவல்லார் எத்தனை பேர்?