சர்ஜாபுரமா, கோவையா, சசெக்ஸா?

2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பெங்களூரா மாங்காய் உள்ளே வரக் கூடாதென்று தடை போட்டது. தன் விவசாயிக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க ஆந்திர அரசு ஏற்பாடு செய்திருந்தது: கூழ் ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய். கர்நாடக முதல்வர் தடையை எதிர்த்துக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரித் தோப்புகளிலும் அதே ரகம், அதே விலைச் சரிவு. உணவுக் கொள்கை படித்து ஐ.நா. அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஓசூர் மாணவருக்கு என் முதல் கேள்வி இதிலிருந்துதான்: இந்தச் சண்டையில் உங்களுக்கு எது புரியவில்லை?

விலை ஏன் விழுந்தது என்பது புரியவில்லையா? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளியல். இளநிலையில் வேளாண்மை படித்தவர்களுக்கு இயல்பான வழி. மண்டிச் செலவு, வரத்து, தேவை என்று கணக்குப் போடப் பழகிவிடும்.

12 ரூபாயை யார், எந்த அழுத்தத்தில் முடிவு செய்தார்கள் என்பதுதான் உறுத்துகிறதா? ஓசூருக்குப் பக்கத்திலேயே, சர்ஜாபுரத்தில், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியியல் முதுகலை இருக்கிறது. இரண்டு ஆண்டு, எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம், குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை உண்டு. பி.ஏ., பி.காம். முடித்தவருக்கு நான் இதையே சொல்வேன். புள்ளியியலை மட்டும் தனியாக உழைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்தத் துறையில் வெகுதூரம் போக முடியாது.

சசெக்ஸின் வளர்ச்சி ஆய்வு நிறுவனம், நெதர்லாந்தின் வாகனிங்கன் எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் பட்டம் வாங்கிய கையோடு, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் போக வேண்டாம். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையே இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறது. ஐ.நா.வின் இளநிலை அலுவலர் பணிகளில் பெரும்பாலானவை, நிதி கொடுக்கும் நாடுகள் தம் குடிமக்களுக்காக வைத்திருப்பவை. அந்தக் கதவு இந்தியருக்கு அநேகமாகத் திறக்காது. நாம் போகக்கூடிய வழி, களத்தில் எதையாவது ஆழமாகத் தெரிந்துவைத்திருப்பது.

இன்னொன்று. கடல் தாண்டிப் போனாலும் படிக்கக் கிடைப்பது நம் ஊர்க் கதையாக இருக்கலாம். 1980இல் உலக வங்கிக் கடனில் இங்கே ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மாதாமாதம் குழந்தையை எடை போட்டு, வளர்ச்சி குன்றியவருக்கு மட்டும் சத்துணவு, தேறியதும் நிறுத்தம். இரண்டே ஆண்டில், 1982இல், எம்.ஜி.ஆர். அரசு பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்காமல் சத்துணவு போடத் தொடங்கியது. 'தேவைப்படுவோருக்கு மட்டுமா, எல்லோருக்குமா' என்று உலகம் இன்றும் வாதாடும் கேள்விக்கு, ஒரே மாநிலம் ஒரே சமயத்தில் இரண்டு விடையும் எழுதிப் பார்த்தது. ரேஷன் அரிசியிலும் நாம் 'எல்லோருக்கும்' பக்கமே நின்றோம். இதை உள்ளிருந்து அறிந்தவருக்கு வெளிநாட்டு வகுப்பில் பேசத் தனி விஷயம் இருக்கும்.

ஆகவே பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டை இங்கேயே கழியுங்கள். 1988இல் தொடங்கிய, தரமணியில் இருக்கும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ராகியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நுகர்பொருள் வாணிபக் கழகம் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் ஆதரவு விலைக்கு ராகி வாங்குகிறது. 2023 மே மாதம் அதை அரிசிக்குப் பதிலாக 2 கிலோ என்று ரேஷனில் முதலில் கொடுத்தது நீலகிரியிலும் தர்மபுரியிலும். விளைவிக்கிற கிருஷ்ணகிரிக்கு ஏன் அன்று கொடுக்கவில்லை? விவசாயி கொள்முதல் நிலையத்துக்குப் போகிறாரா, வாசலுக்கு வரும் வியாபாரிக்கே போடுகிறாரா? ஒரு முதுகலை ஆய்வுக்கு இது தாராளம்.

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இதைக் கேட்டு அலையக் கன்னடமும் தெலுங்கும் வேண்டும். ஓசூர்ப் பிள்ளைகள் பலருக்கு இரண்டும் தெருவிலேயே வந்துவிடுகின்றன. விண்ணப்பத்தில் 'தெரிந்த மொழிகள்' என்ற கட்டத்தில் மட்டும் தமிழ், ஆங்கிலம் என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள்.