பள்ளி ஆசிரியராய் வாழ்ந்த பாவேந்தர்



நம் பள்ளியில் விழா எதுவாயினும் பாவேந்தர் பாரதிதாசனின் பாடலொன்று ஒலியாமல் போவதில்லை. கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங்செராய், கூலிம் வட்டாரங்களில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் பலவற்றிலும் இதுவே வழக்கம். ஆயினும், அவர் யார் என்று நான்காம் ஆண்டு வகுப்பில் நாம் வினவியபோது, ‘புரட்சிக் கவிஞர்’ என்ற விடை உடனே வந்ததே அன்றி, ‘ஆசிரியர்’ என்று ஒரு குழந்தையும் கூறவில்லை. அது குழந்தைகளின் குற்றமன்று. முப்பத்தேழு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவர் அவர் என்பதை நாமே அவர்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. அக்குறையை இப்பாடத்தால் நீக்க முயல்கிறோம்.

பாரதிதாசனின் இயற்பெயர் சுப்புரத்தினம். தந்தையார் கனகசபை, புதுச்சேரியில் வணிகம் செய்தவர். தாயார் இலக்குமி. 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பிறந்த பிள்ளை, தந்தையின் பெயரையும் சேர்த்துக் கனக சுப்புரத்தினம் என வழங்கப்பெற்றார். அந்நாளில் நம் மலாயாவின் பல பகுதிகளும் இந்தியாவின் பெரும்பகுதியும் ஆங்கிலேயர் ஆளுகையில் இருந்தன. புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் அவ்வூரின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. ஆகவே சுப்புரத்தினம் பிரெஞ்சு மொழியும் கற்றார், தமிழும் கற்றார். தமிழில் அவர் நெஞ்சம் ஊன்றியது. இலக்கண இலக்கியங்களைப் புலவர்களிடம் முறையாகப் பயின்று, புலமைத் தேர்வில் முதல்வராகத் தேறினார்.

1909இல், பதினெட்டு வயதில், காரைக்காலை அடுத்த நிரவி என்னும் சிற்றூரில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராக அமர்ந்தார். மீசை அரும்பும் வயது! இந்நாளில் அவ்வயதினர் ஆறாம் படிவத்திலோ, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடும் நிலையிலோ இருப்பர்.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் அவர் வாழ்வைத் திருப்பிய சந்திப்பு நிகழ்ந்தது. ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி, மகாகவி சுப்பிரமணிய பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்து தங்கியிருந்தார். ஒரு திருமண வீட்டில் நண்பர்கள் கேட்டுக்கொள்ள, சுப்புரத்தினம் பாரதியாரின் பாடலைப் பாடினார். கேட்டுக்கொண்டிருந்தோர் நடுவே பாரதியாரே அமர்ந்திருந்தார் என்பது பாடியவர்க்குத் தெரியாது. பொருளுணர்ந்து பாடிய இளைஞரைப் பாரதியார் விரும்பி அழைத்தார். பின்னொரு நாள் தம் எதிரிலேயே ஒரு பாட்டு எழுதச் செய்து, அதனைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியதென்று குறித்துச் சுதேசமித்திரன் இதழுக்கு அனுப்பிவைத்தார். தம்மினும் இளையவர் ஒருவரை இவ்வாறு கைதூக்கிவிட ஒரு பெருங்கவிஞருக்கு மனம் வந்ததே! ஆசிரியத் தொழிலில் இருப்போர் இவ்விடத்தைச் சற்று நின்று படித்தல் நலம்.

அரசு ஊழியராகிய சுப்புரத்தினம், விடுதலைப் பாட்டையும் சீர்திருத்தப் பாட்டையும் தம் பெயரில் வெளியிடுதல் எளிதன்று. ஆதலின் புனைபெயர்கள் பல பூண்டார். கிறுக்கன், கிண்டல்காரன் என்பனவும் அவற்றுள் அடங்கும். நிலைத்து நின்றது ‘பாரதிதாசன்’ என்னும் பெயரே. பிற்காலத்தில் தன்மான இயக்கத்தில் அவர் ஈடுபட்டபோது, ‘தாசன்’ என்னும் அப்பெயர் வேண்டுமா என்று வினவியவர் உண்டு. அவர் அதனை மாற்றிக்கொள்ளவில்லை.

1920இல் பழனி அம்மையாரை மணந்தார். நாட்டு விடுதலை வேட்கையால் கதராடையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றதும் அக்காலத்தேதான். பள்ளிக்கூடத்து வாத்தியார் துணிமூட்டை சுமந்து வருவதைப் புதுச்சேரித் தெருக்கள் எவ்வாறு பார்த்தனவோ! 1930இல் சிறுவர் சிறுமியர்க்கெனத் தேசிய கீதங்கள் எழுதி வெளியிட்டார். வகுப்பறையில் நாள்தோறும் குழந்தைகளோடு பழகியவர் ஆதலின், குழந்தையின் வாய்க்கு எந்தச் சொல் எளிது, எந்தச் சொல் இடறும் என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னாளில் வந்த ‘இளைஞர் இலக்கியம்’ என்னும் தொகுதியைப் புரட்டுவோர் இதனைக் காணலாம்.

இனி ஒரு செய்தி. இதனைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. தொடக்க நாளில் பாரதிதாசன் இறையன்பர். மயிலம் முருகன்மீது துதிப்பாடல்கள் இயற்றியவர். பின்னர்ப் பெரியாரின் கொள்கைகளை ஏற்றுப் பகுத்தறிவுப் பாதையில் திரும்பினார். கடவுளையும் சாதியையும் கடிந்து பாடினார். நம் தோட்டத்திலோ பள்ளியும் கோவிலும் அருகருகே உள்ளன. தைப்பூசத்திற்குக் காவடி எடுக்கும் பெற்றோர் சிலர், ‘இவர் பாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமா?’ என்று நம்மிடம் கேட்டதுண்டு. கற்பிக்கலாம் என்பதே நம் கருத்து. மனிதர் ஒருவர் தம் வாழ்நாளில் கருத்து மாறுவது உண்டு. அம்மாற்றத்தை மறைத்துப் பாதி மனிதரைக் காட்டுவதைவிட முழுமனிதரைக் காட்டுவதே கல்வி. பிள்ளைகள் வளர்ந்து தாமே எண்ணிப் பார்க்கட்டும். அவருடைய சாதி மறுப்புப் பாடல்களிலோ நமக்குக் கருத்து வேற்றுமை சிறிதும் இல்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தும் ஒருவர் வீட்டில் மற்றவர் நீர் அருந்தாத காலத்தை நம் பாட்டன்மார் கண்டவர்கள்.

1935இல் கவிதைக்கெனவே ஒரு மாத இதழை நடத்தினார். அதற்குத் தம் குருவின் பெயரையே சூட்டினார். 1938இல் அவர் கவிதைகளின் முதல் தொகுதி வெளிவந்தது. அதன்பின் நூல்கள் விரைந்து பெருகின. 1944இல் வந்த ‘அழகின் சிரிப்பு’ நம் தோட்டத்துப் பிள்ளைகள் எளிதில் நெருங்கக்கூடிய நூல். காடு, குன்றம், ஆறு, ஆலமரம், கிளி, சிற்றூர் என்று அதன் பகுதிகள் அமைந்துள்ளன. இருளுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. விடியுமுன் தலைவிளக்குடன் பால்மரக் காட்டிற்குள் நுழைந்து பழகிய நம் பெரியோர்க்கு இருளின் அழகை யாரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

பெற்றோர்களுக்கு நாம் முதன்மையாகப் பரிந்துரைப்பது ‘குடும்ப விளக்கு’. ஐந்து பகுதிகளைக் கொண்ட இந்நூலின் முதற்பகுதி, தங்கம் என்னும் இல்லத்தரசியின் ஒரு நாள் வாழ்வைக் கூறுவது. விடியலில் எழுகிறாள், கோலமிடுகிறாள், யாழ் மீட்டுகிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், மாமன் மாமியைப் பேணுகிறாள். அத்தோடு நில்லாமல், கணவன் மணவழகனின் கடைக்குச் சென்று வணிகத்தையும் திறம்பட நடத்துகிறாள். படித்த பெண்ணால் வீடு கெடும் என்று பேசியோர்க்கு அவர் தந்த விடை இது. கல்வியற்ற வீடு எவ்வாறு சீரழியும் என்பதை ‘இருண்ட வீடு’ என்னும் நூலில் நகைச்சுவையோடு காட்டினார். இரண்டையும் ஒருங்கே படித்தல் வேண்டும்.

இதை நாம் காரணத்தோடுதான் எழுதுகிறோம். தாய் வெளிக்காட்டு வேலைக்குச் செல்லும் நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்படுபவர் யார்? நம் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் பெரும்பாலும் அக்காள்தான். அண்ணன் பள்ளிக்கு வந்துவிடுகிறான். தாய்மாரின் இடர்ப்பாட்டை நாம் அறியாதவர் அல்லர். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கி வந்த கூலியில் நடக்கும் வீடுகள் பல. ஆயினும் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பை இழக்கும் சிறுமி, கணக்குப் பாடத்தில் பின்தங்கினால் மீண்டும் எட்டிப் பிடிப்பது கடினம். இதைப் பற்றிப் பேச விரும்பும் பெற்றோர் எந்நாளும் நம் அலுவலகத்திற்கு வரலாம்.

1946ஆம் ஆண்டு பாவேந்தர் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டு சூலைத் திங்களில் சென்னையில் பெருவிழா எடுத்து, அறிஞர் அண்ணா 25,000 ரூபாய் பொற்கிழி வழங்கினார். ஆசிரியர் ஒருவர் பல்லாண்டு உழைத்தும் காணாத தொகை அது. மக்கள் திரட்டிக் கொடுத்தது. 1955இல் புதுச்சேரிச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் அவர் காவியம் 1950இல் ‘பொன்முடி’ எனத் திரைப்படமாயிற்று. தம் ‘பாண்டியன் பரிசு’ நூலையும் படமாக்க அவர் விரும்பினார், அது நிறைவேறவில்லை. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் சென்னையில் காலமானார். எழுபத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள்களே இருந்தன.

சாகித்திய அக்காதெமிப் பரிசு 1969இல், அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின் வந்தது. கவிதைக்காக அன்று, ‘பிசிராந்தையார்’ என்னும் நாடகத்திற்காக வந்தது. அக்கதை புறநானூற்றில் வேரூன்றியது. பாண்டி நாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் சோழ மன்னன் கோப்பெருஞ்சோழனும் ஒருவரை ஒருவர் காணாமலே நட்புப் பூண்டவர்கள். மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் நொந்த சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, தன் நண்பர் வருவார், அவர்க்கும் ஓரிடம் ஒதுக்குங்கள் என்றான். அருகிருந்தோர் நம்பவில்லை. புலவர் வந்தார். முதுமையிலும் தலை நரைக்காதது ஏன் என்று கேட்டோர்க்கு, நல்ல மனைவி மக்கள், நல்ல ஏவலர், நல்ல அரசன், ஊரில் சான்றோர் பலர் என்று காரணம் கூறியவரும் இப்புலவரே.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு பயிற்சி: பிசிராந்தையார் வந்து சேரும் காட்சியைப் பத்து வரிகளில் உரையாடலாக எழுதுக. ‘அழகின் சிரிப்பு’, ‘குடும்ப விளக்கு’ ஆகிய நூல்கள் நம் நூலக அலமாரியின் இரண்டாம் தட்டில் உள்ளன. பெற்றோரும் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். இரண்டு வாரம் வைத்திருக்கலாம்.