தோப்புக்குள் தீவனம் வளர்ப்போம்

குழுவில் கடன் வாங்கி கறவை மாடு பிடித்தோம். கடன் தவணை தவறாமல் கட்டுகிறோமா? கட்டுகிறோம். ஆனால் கையில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் பலரும் சிரித்து மழுப்புகிறோம். பால் காசு பூராவும் வைக்கோலுக்கும் தவிட்டுக்கும் போய்விடுகிறது. கோடையில் சொல்லவே வேண்டாம்.

தீவனம் போட நிலம் எங்கே இருக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. தென்னை மரத்துக்கு மரம் 25 அடி விட்டிருக்கிறோம். அந்த இடைவெளியில் இப்போது வளர்வது களைதானே!

"புல்லை வச்சா காய் குறைஞ்சிடும்" என்று வீட்டுக்காரர்கள் மறுப்பார்கள். அவர்கள் பயம் பொய் இல்லை. கம்பு நேப்பியர் மண்ணிலிருந்து சத்தை நன்றாகவே உறிஞ்சும். ஆகவே மரத்தைச் சுற்றி 6 அடி வட்டத்துக்குள் புல் வைக்கக் கூடாது. மரத்துக்கு உரம் தனி, புல்லுக்கு உரம் தனி. ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் சாணி எரு போட்டு தண்ணீர் பாய்ச்ச வேண்டும். சாணிக்கு நமக்கென்ன பஞ்சம்?

எந்தப் புல் என்பதை நிழல்தான் முடிவு செய்யும். ஏழு வயசுக்குட்பட்ட கன்றுத் தோப்பிலும், இருபது வயசு தாண்டி உயர்ந்த தோப்பிலும் வெயில் கீழே விழும். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கோ 4, அதற்குப் பிறகு வந்த கோ 5 கம்பு நேப்பியர் நன்றாக வரும். இடைப்பட்ட வயசு மரங்களில் நிழல் அதிகம்; அங்கே கினியாப் புல்தான் தாங்கும். நிழலில் நேப்பியரை வைத்துவிட்டு "புல்லே சரியில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறோம்!

நேப்பியருக்கு இரண்டு கணு உள்ள கரணையை, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நடணும். பாருக்குப் பார் 60 செ.மீ., கரணைக்குக் கரணை 50 செ.மீ. நட்ட அன்றைக்கும் மூன்றாம் நாளும் தண்ணீர், பிறகு பத்து நாளைக்கு ஒரு தரம். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், அடுத்தடுத்து 45 நாளைக்கு ஒன்று. திறந்தவெளியில் ஏக்கருக்கு வருஷம் 150 டன் வரை கிடைக்கும். தோப்பில் பாதி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ என்றால் வருஷத்துக்கு 9 டன். அப்படிப் பார்த்தால் 15 சென்ட் இடைவெளி ஒரு மாட்டுக்குத் தாராளம்.

புல்லை மட்டும் போட்டால் பால் கூடாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால், அகத்தி, காராமணி போன்ற பயறுவகைத் தீவனம் சேர்க்கணும். வேலிமசாலை வரப்போரம் விதைத்துவிட்டால் 90 நாளில் முதல் அறுப்பு, பிறகு 40 நாளைக்கு ஒரு தரம். வெட்டும்போது தரையோடு வெட்டாமல் 50 செ.மீ. விட்டு வெட்டினால்தான் மறுபடி தழையும்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்போம், அது சொட்டுச் சொட்டாக கீழே புல்லில்தான் விழும். எங்கள் குழுவிலேயே ஒரு அக்கா, பக்கத்துத் தோப்பில் மருந்து அடித்தது தெரியாமல் மறுநாள் அங்கே புல் அறுத்துப் போட்டார். மாடு வாயில் எச்சில் ஒழுக நடுங்கி விழுந்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டதால் பிழைத்தது. ஆனால் அந்த ஈத்தில் பால் பழையபடி வரவேயில்லை. கடன் தவணையோ நிற்காமல் வந்தது. அதனால் மருந்து அடிப்பதற்கு முன்னாலேயே புல்லை அறுத்துவிடுங்கள். அடித்த பிறகு, மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடியும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். தோப்பு வேறொருவருடையது என்றால் மருந்து அடிக்கும் தேதியை முன்கூட்டியே சொல்லச் சொல்லிப் பேசி வையுங்கள்.

சொந்தத் தோப்பு இல்லாதவர்கள், களை எடுத்துத் தருகிறோம், புல் வளர்த்துக்கொள்கிறோம் என்று தோப்புக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். வாய்ப்பேச்சு போதாது. எத்தனை வருஷம், தண்ணீர் யாருடையது என்று எழுதி, குழுவிலும் ஒரு பிரதி வையுங்கள்.

கரணைக்கு பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே வைத்திருக்கும் உறுப்பினரிடம் ஒரு கட்டு வாங்கி முதலில் இரண்டு சென்டில் நட்டுப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து அதிலேயே மிச்ச இடத்துக்கும் கரணை கிடைத்துவிடும்.