முதலில் காற்றைப் பாரும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

"ட்ரையரில தெர்மல் பியூஸ் மாத்தி ரெண்டு கிழமைதான், திரும்பவும் போயிட்டுது அண்ணை, பார்ட் மட்டமோ?" என்று போனில் கேட்டீர். நான் அப்போது வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன், அரைகுறையாய்த்தான் பதில் சொன்னேன். இப்போது ஆறுதலாய் எழுதுகிறேன்.

பார்ட்டில் பிழையில்லை. தெர்மல் பியூஸ் வயசாகிச் சாவது குறைவு. புளோவர் கூட்டில் பூட்டியிருக்கும் அந்தச் சின்னத் துண்டு, சூடு ஏறக்குறைய 90 பாகை செல்சியஸ் தாண்டினால் தன்னைத் தானே அறுத்துக்கொள்ளும். ஒருமுறை அறுந்தால் பிறகு ஒட்டாது. சூடு ஏன் அந்த அளவுக்குப் போனது என்று பார்க்காமல் பியூஸை மட்டும் மாற்றினால், இரண்டு கிழமை தாங்கியதே பெரிய காரியம்.

உடுப்பைக் காயவைப்பது எலிமென்ற் என்றுதான் வீட்டுக்காரரும் நினைக்கிறார்கள், புதிதாய்த் தொழிலுக்கு வருகிற பெடியளும் நினைக்கிறார்கள். எலிமென்ற் ஈரத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். கிளம்பிய ஈரத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளுவது காற்று. அந்த வழியை அடைத்துப்போட்டால் சூடு பெட்டிக்குள்ளேயே சுழலும். ஹைலிமிற் தெர்மோஸ்ராற் நிமிடத்துக்கு நிமிடம் எலிமென்றை நிறுத்தி நிறுத்திப் போடும். உடுப்பு இரண்டு மணித்தியாலம் ஓடியும் ஈரமாய்க் கிடக்கும். ஒரு நாள் பியூஸ் போகும்.

ஆகவே வீட்டுக்குள் போகமுதல் வெளியே சுற்றிப் போய் வென்ற் மூடியைப் பாரும். ட்ரையர் ஓடும்போது அந்தத் தகடு நன்றாய்த் திறந்து நிற்கவேண்டும், கையை வைத்தால் காற்று அடிக்கவேண்டும். இங்கே ஒன்ராறியோவில், ஸ்காபுரோவின் பழைய பங்களோக்களில் ட்ரையர் பேஸ்மென்றில் இருக்கும். பைப் மேலேறி, கூரைச் சட்டங்களுக்கிடையே நீளமாய் ஓடி, நிலத்துக்குச் சற்று மேலே வெளியே வரும். குளிர்காலத்தில் ஸ்னோ அதை மூடிவிடும். அதைவிட மோசம், குளிர்ந்த பைப்புக்குள் ஈரக்காற்று தண்ணீராகி, பஞ்சு அதிலே ஊறிச் சுவரெல்லாம் களியாய் ஒட்டிவிடும். காய்ந்த பிறகு அது பிரஷ்ஷுக்கும் லேசில் மசியாது. குருவி கூடு கட்டுகிறது என்று யாரோ மூடிக்கு வலை அடித்திருப்பார்கள். குருவி வராது, பஞ்சு வந்து அடைக்கும். வலையைக் கழற்றிவிடும்.

பிறகு ட்ரையரின் பின்பக்கம் பைப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிடும். சூடும் காற்றும் சரியாய் வந்தால் மிஷினில் வியாதி இல்லை, பைப்பில்தான். பிளாஸ்ரிக் குழாயைக் கண்டால் கேள்வியே இல்லை, தூக்கி எறியும். மடிப்பு மடிப்பான போயில் குழாய்க்கும் நான் ஆதரவில்லை, ஒவ்வொரு மடிப்பும் பஞ்சு பிடிக்கும். 4 அங்குல இரும்பு அல்லது அலுமினியப் பைப்தான் வேலைக்கு ஆகும். மூட்டுகளில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்குறூ இருக்கக்கூடாது, போயில் ரேப் போதும். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி முழு நீளம் 35 அடி என்கிறது, ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் அதில் 5 அடி கழியும். இங்கே மிஷினோடு வரும் புத்தகத்தில் அந்த மொடலுக்கு எத்தனை அடி என்று போட்டிருக்கும், அதைப் பாரும்.

கொண்டோக்களில் இன்னொரு சங்கதி. பைப் நீளம் என்பதால் பலவற்றில் ட்ரையருக்கு மேலே சுவரிலோ சீலிங்கிலோ இரண்டாவது பஞ்சுப் பெட்டி ஒன்று இருக்கும். அங்கே வருஷக்கணக்காய்க் குடியிருக்கிறவருக்கே அது தெரியாது. திறந்து காட்டும்.

இனி, டிரம் சுற்றுகிறது, காற்றும் நல்லாய் வருகிறது, சூடுதான் துளியும் இல்லை என்றால் கரண்ட் பக்கம் வாரும். இங்கே ட்ரையருக்கு 240 வோல்ற். இரண்டு லைவ் வயர், இரண்டு கால் என்போம், ஒவ்வொன்றிலும் 120. மோட்டரும் ரைமரும் ஒரு காலில் ஓடிவிடும், எலிமென்றுக்கு இரண்டும் வேண்டும். மோட்டருக்குப் போகாத கால் அறுந்தால் மிஷின் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும், சூடு மட்டும் வராது. மீற்றர் உம்மை ஏமாற்றுவதும் இந்த இடத்தில்தான். மிஷின் ஓடும்போது ரேர்மினல் புளொக்கில் ஒவ்வொரு லைவுக்கும் நியூற்றலுக்கும் இடையே அளந்தால் இரண்டிலும் 120 காட்டும். "கரண்ட் சரி" என்று எலிமென்றை ஓடர் பண்ணிவிடுவீர். உண்மையில் ஒரு காலின் கரண்ட் எலிமென்ற் வழியாய்ச் சுற்றி வந்து மற்ற முனையில் நிற்கிறது. இரண்டு லைவுக்கும் இடையே அளந்து பாரும், மீற்றர் சைபர் காட்டும். 240 இருக்கிறதா என்பதை இரண்டு லைவுக்கும் நடுவில்தான் கேட்கவேண்டும்.

பிழை சுவருக்கு அந்தப் பக்கம், பிரேக்கரிலோ பிளக்கிலோ என்று தெரிந்தால் ஸ்குறூட்றைவரைக் கீழே வையும். ஒன்ராறியோவில் வீட்டு வயறிங்கில் காசுக்குக் கைவைக்க லைசென்ஸ் உள்ள எலெக்ட்றிக்கல் கொன்றாக்டருக்குத்தான் உரிமை. "சும்மா ஒரு பிரேக்கர்தானே தம்பி, மாத்திவிடும்" என்று சொந்தக்காரர் கெஞ்சுவார். மாற்றவேண்டாம்.

மற்றதெல்லாம் பிளக்கைக் கழற்றிய பிறகு. எலிமென்றில் 8 முதல் 12 ஓம் வந்தால் கம்பி முழுசாய் இருக்கிறது. அதோடு மூடிவிடாதேயும். முனைக்கும் பெட்டித் தகட்டுக்கும் இடையே அளந்து பாரும், அங்கே ஒன்றும் காட்டக்கூடாது. கம்பி தொய்ந்து தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் தெர்மோஸ்ராற்றின் பேச்சு எடுபடாது. சில மொடல்கள் நிறுத்திய பிறகும் சூடாகிக்கொண்டிருக்கும். கருகிய வயர் முனையைக் கண்டால் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, சூடு தாங்கும் புது முனையை அழுத்திப் பூட்டும். முறுக்கி ரேப் சுற்றுவது வேலையல்ல. தெர்மல் பியூஸைச் சுற்றி வயர் போட்டு "இப்ப ஓடுது" என்று காசு வாங்கிப் போகிற ஆக்களும் எங்கள் தொழிலில் உண்டு. அவர்களோடு சேராதேயும்.

சத்தங்களைப் பற்றி நீளமாய் எழுத ஒன்றுமில்லை: டக்டக் என்றால் ரோலர், கீச்சிட்டால் ஐட்லர் புல்லி, மோட்டர் மட்டும் உறுமினால் பெல்ற். ஈரம் போகமுதலே தானாய் நின்றுவிடுகிறது என்றால் சென்சர் தகடுகளை றபிங் அல்ககோலால் துடைத்துவிடும். ட்ரையர் ஷீற்றின் மெழுகு அதில் படியும், பஞ்சு வலையிலும் படியும். வலையை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டும். தண்ணீர் மேலே நின்றால் சோப்பும் பிரஷ்ஷும் வேண்டும்.

எங்கள் சனத்துக்கு மட்டும் தனியாய்ச் சொல்லவேண்டியது ஒன்றிருக்கிறது. எண்ணெய் முழுக்குக்குப் பாவித்த துவாய், சமையலறைத் துணி இவற்றை ட்ரையரில் போடக்கூடாது. நல்லெண்ணெய் ஒரு தோய்ச்சலில் முழுதாய்ப் போகாது. சூடான துணியைக் குவியலாய் விட்டால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும், ட்ரையர் நின்ற பிறகுகூட. இதை அம்மாமாரிடம் பொறுமையாய்ச் சொல்லும். "நாங்கள் இவ்வளவு காலம் போடுறம்தானே" என்பார்கள். திரும்பவும் சொல்லும்.

கடைசியாய் காசு. ஒன்றரை மணித்தியாலம் பைப்பைக் கழற்றிப் பஞ்சு எடுத்துப் பூட்டிவிட்டு நிமிர்ந்தால், "பார்ட் ஒண்டும் போடேல்லையே தம்பி, பிறகென்ன காசு?" என்று கேட்பார்கள். இதற்குப் பயந்துதான் பலர் தேவையில்லாத எலிமென்றைப் பூட்டிவிட்டு வருகிறார்கள். நீர் எடுத்த பஞ்சை ஒரு பையில் போட்டு அவர் முன்னாலே வையும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீ, அதன் காரணங்களில் முதலிடம், 34 வீதம், துப்புரவு செய்யாமல் விட்டது என்பதையும் சொல்லும். பில்லில் "வென்ற் துப்புரவு" என்று திகதியோடு எழுதும், அடுத்த வருஷம் எந்த மாதம் திரும்பச் செய்யவேண்டும் என்பதையும் கீழே எழுதும். எழுதிவிட்டு முழுக் கூலியையும் கேட்டு வாங்கும்.

அன்புடன்,
அண்ணை