ஏரிக்கு என்ன நிறம்?

ஒரு வீடு கட்டத் தொடங்குமுன் வாசல் எந்தத் திசை, சமையலறை எங்கே, கிணறு எங்கே என்று பெரியவர்கள் கூடிப் பேசுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு வீட்டுக்கே இத்தனை யோசனை என்றால், பல இலட்சம் வீடுகள் அடங்கிய நகருக்கு எவ்வளவு யோசனை வேண்டும்! அந்த யோசனைக்குத்தான் நகரமைப்புத் திட்டம் என்று பெயர். இது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத் தந்த கலை என்று எண்ணிவிடலாகாது. மதுரைக்குச் சென்றவர்கள் அறிவார்கள். கோயிலை நடுவில் வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தெருக்கள் அமைந்திருக்கின்றன.

இவ்வாண்டு சமூக அறிவியல் செயல்திட்டத்திற்காக எங்கள் பிரிவு மாணவியர் ஒன்பது பேர் சேர்ந்து சென்னையின் நிலப் பயன்பாட்டுப் படம் ஒன்றை வரைய முற்பட்டோம். நான்கு சார்ட் தாள்களை ஒட்டி, பள்ளிக் கூடத்து விழா அரங்கின் தரையில் விரித்து, மண்டியிட்டு வரைந்தோம். பென்சிலால் கோடு போடும் வரையில் சிரமம் இருக்கவில்லை. நிறம் தீட்டத் தொடங்கியபோதுதான் சந்தேகங்கள் எழுந்தன.

முதலில் திட்டத்தைப் பற்றிச் சில செய்திகள். சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் 1920ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. இப்போது நடைமுறையில் உள்ளது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்கீழ் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1974இல் சட்டபூர்வமான அமைப்பாயிற்று. முதல் முழுமைத் திட்டம் எழுபதுகளின் நடுவில் வந்தது. இரண்டாவது திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது 2026ஆம் ஆண்டு வரைக்கும் என்று வகுக்கப்பட்டது. 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பற்றியது. 2022இல் பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அதாவது, ஏறத்தாழ ஐந்து மடங்கு! மூன்றாவது திட்டம் 2046ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டது.

திட்டத்தின் உயிர் அதன் வரைபடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பயன் குறிக்கப்படும். ஒவ்வொரு பயனுக்கும் ஒரு நிறம் உண்டு. வழக்கமாகக் குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்குச் சிவப்பு, பூங்காவுக்குப் பச்சை. எங்கள் பள்ளி சிவப்பு என்று அறிந்ததும் எங்களுக்கு ஒரே பெருமை. நிறம் தீட்டிய பின் அந்த நிலத்தில் வேறு ஒன்றைக் கட்ட வேண்டுமானால் 'மறுவகைப்பாடு' செய்யக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பதற்கும் அளவுகள் உண்டு. தளப்பரப்புக் குறியீடு 2 என்றால், ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், எல்லா மாடிகளும் சேர்ந்து 4,800 சதுர அடி கட்டலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்தால் அதில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக விட்டுவிட வேண்டும். கணக்குப் பாடத்தில் இப்படிப்பட்ட வினாக்களைக் கேட்டால் நாங்கள் இன்னும் நன்றாக மதிப்பெண் வாங்குவோம்.

"கடைக்கு நீலம் கொடுத்துவிட்டோமே, ஏரிக்கு என்ன நிறம்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். ஏரிக்கும் நீலந்தான், சற்று வெளிர் நீலம் என்றார் ஆசிரியை. நல்லது என்று பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிர் நீலம் தீட்டத் தொடங்கினோம். பழைய படத்தில் நீலமாக இருந்த இடங்கள் பல புதிய படத்தில் மஞ்சளாக இருந்தன.

நகரின் நடுவே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீண்ட ஏரி இருந்தது. அதன் மாம்பலம் பகுதியை 1920களில் வற்றச் செய்து அமைத்த குடியிருப்புத்தான் தியாகராய நகர். பனகல் பூங்காவும் பாண்டி பஜாரும் அதன் பின் வந்தவை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் நாம் ஏரிக்குள் நடக்கிறோம் என்று யாராவது நினைத்ததுண்டா? மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்க்கத்தான் ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு', அதாவது ஏரிக்கரைச் சாலை, இருக்கிறது. முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்றே ஒரு குடியிருப்புக்குப் பெயர்.

ஏரி என்பது வெறும் பள்ளம் அன்று. ஊரின் மேட்டுப்புறத்தில் பெய்த மழையைக் கரை கட்டித் தடுத்து, மதகு வழியாக வயலுக்கு விட்டு, மிஞ்சியதைக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு அனுப்புவது அதன் வேலை. ஒன்று நிரம்பினால் அடுத்தது, அது நிரம்பினால் அதற்கடுத்தது என்று சங்கிலிபோல் சென்று கடைசியில் ஆற்றையோ சதுப்பையோ கடலையோ சேரும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைத் தூர்த்து வீடு கட்டினால், அந்த வீட்டுக்குள் மட்டுமா தண்ணீர் வரும்? அதற்கு மேலே உள்ள ஊரிலும் தேங்கும். கீழே உள்ள ஏரியோ வற்றும். வயல் இல்லாமற் போனபின் ஏரி எதற்கு என்று முன்னோர் சிலர் நினைத்தார்கள் போலும். வயலுக்கு நீர் தருவதைத் தவிர அது செய்துவந்த மற்ற வேலைகளை யாரும் கணக்கில் எழுதி வைக்கவில்லை.

தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. பல ஏரிகளின் உபரிநீர் அதில் வந்து கூடி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டருகே கடலில் சேர்கிறது. முன்பு பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த அந்தச் சதுப்பில் ஒரு பக்கம் குப்பைமேடு, ஒரு பக்கம் அலுவலகக் கட்டடங்கள், குறுக்கே சாலைகள். 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 'ராம்சார்' ஈரநிலமாக உலகப் பட்டியலில் ஏறியது. இத்தனை காலம் அது பலருக்கும் 'சும்மா கிடக்கிற நிலம்' தான்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்போது நாங்கள் மழலைகளாக இருந்தோம். மொட்டை மாடியில் எங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற கதையை அம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர் வீதம் தண்ணீர் வந்தது. ஒரே நகரம், ஒரே பத்தாண்டு. வெள்ளமும் வறட்சியும் இரண்டு வெவ்வேறு சோதனைகள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். படம் வரைந்த பின் அவை இரண்டும் ஒரே தவற்றின் இரு முகங்களாகத் தோன்றின. பெய்த நீர் தங்க இடமில்லை. ஆதலால் பெய்யாத நாளில் எடுக்கவும் நீரில்லை. 2003இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது மிக நல்ல செயல். ஆனால் வீட்டுத் தொட்டி ஏரியாகிவிடுமா?

திட்டமிட்டவர்கள் எல்லாவற்றிலும் தவறிவிட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது. கொத்தவால் சாவடியின் நெருக்கடியைப் பற்றித் தாத்தா பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். மாட்டு வண்டியும் லாரியும் கூலியாட்களும் ஒரே சந்தில். அந்தக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாறிற்று. 2002இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் அங்கே வந்தது. அன்று கோயம்பேடு நகரின் ஓரம், இன்றோ நடுவிடம். ஆகையால் தென்மாவட்டப் பேருந்துகளுக்கென்று 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் மற்றொரு நிலையம் திறக்க வேண்டியதாயிற்று. இருபது ஆண்டு என்பது பத்தாம் வகுப்பு மாணவிக்கு நெடுங்காலம். நகருக்கோ அது ஓரம் நடுவாவதற்குப் போதுமான காலம், அவ்வளவே.

டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகருக்கு 1947இல் ஒரு திட்டம் வகுத்தார்கள். அதற்கு 'விரல் திட்டம்' என்று பெயர். விரித்த கையைப் போல, பழைய நகரம் உள்ளங்கை. இருப்புப்பாதைகளை ஒட்டி ஐந்து விரல்களாகக் குடியிருப்புகள். விரல்களுக்கிடையே வயலும் காடும். இதைப் படித்தபோது எங்களுக்குச் சென்னையின் நினைவே வந்தது. நமக்கும் தாம்பரம், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி என்று இயல்பாகவே மூன்று விரல்கள் இருக்கின்றன. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயில் 1931இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் விரல்களுக்கிடையே இருந்த ஏரிகளையும் வயல்களையும் அப்படியே விட்டுவைக்க நம்மால் முடியவில்லை. பறக்கும் இரயிலுக்குத் தூண்கள் வேண்டியிருந்தபோது பக்கிங்காம் கால்வாயில் இறக்கினோம். சட்டம் ஒன்று சொல்ல, ஊர் வேறொன்று கட்ட, 1998இல் விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்துவதற்கென்று சட்டத்திலேயே ஒரு புதிய பிரிவைச் சேர்க்க வேண்டி வந்தது.

இனி, எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்த ஒரு நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

படத்தில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் ஒரு குண்டூசி குத்தினோம். ஆறாம் வகுப்பு முதல் எங்களோடு படித்த தோழி ஒருத்தியின் ஊசியை எங்கே குத்துவது என்று கேள்வி வந்தது. ஆற்றோரம் குடிசையில் இருந்தது அவள் குடும்பம். பள்ளிக்கு நடந்தே வருவாள். அம்மா பக்கத்துத் தெருக்களில் நான்கு வீடுகளில் வேலை செய்தார். ஆற்றங்கரை வெள்ளத்துக்கு ஆபத்தான இடம் என்று அங்கிருந்த குடும்பங்களை நகரின் தென்கோடியில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். ஆபத்து என்பது உண்மைதான். அதை மறுக்க முடியாது. கான்கிரீட் கூரையும் கழிப்பறையும் கிடைத்தன என்பதும் உண்மை. ஆனால் பள்ளிக்கு இரண்டு பேருந்து மாறி வர வேண்டும். ஒரு பருவம் வந்தாள். தாமதமாக வந்து முதல் பாடவேளையைத் தவறவிடுவாள். பின்பு அருகிலுள்ள வேறொரு பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அவள் அம்மாவுக்கு நான்கு வீடுகளும் போயின.

நிலப் பயன்பாட்டுப் படத்தில் இது எங்கும் தெரிவதில்லை. அங்கும் மஞ்சள், இங்கும் மஞ்சள். வீட்டுக்குப் பதில் வீடு. மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் நீலத்துக்கும் எவ்வளவு தூரம், போக எவ்வளவு நேரம், பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்று படம் சொல்வதில்லை. வீட்டைப் பெயர்த்தால் பள்ளியையும் பிழைப்பையும் சேர்த்தே பெயர்த்து வைக்க வேண்டுமல்லவா? இதைப் பற்றி நாங்கள் ஒன்பது பேரும் ஒரு மதிய உணவு வேளை முழுவதும் வாதாடினோம். ஆற்றங்கரையிலேயே விட்டிருக்கலாம் என்றார்கள் சிலர். வெள்ளத்தில் போனால் யார் பொறுப்பு என்றார்கள் சிலர். நடந்து போகும் தூரத்தில், மேடான இடத்தில், மாடி வீடுகள் கட்டியிருக்கலாம் என்பதே முடிவில் பெரும்பாலோர் கருத்து. "அங்கே நிலத்தின் விலை என்ன தெரியுமா?" என்று வங்கி அதிகாரியின் மகள் கேட்டாள். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

மூன்றாவது திட்டத்தின் வரைவு வெளிவரும்போது பொதுமக்கள் தங்கள் கருத்தையும் ஆட்சேபத்தையும் எழுதி அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. பள்ளி மாணவிகள் எழுதலாமா என்று தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களைக் கேட்டோம். "எழுதுங்கள், ஆனால் பிழையில்லாமல் எழுதுங்கள்" என்றார். 2046இல் எங்களுக்கு முப்பத்தைந்து வயது ஆகியிருக்கும். இப்போதைக்கு இரண்டே கோரிக்கைகள் எழுதியிருக்கிறோம். ஒன்று: ஏரி, குளம், சதுப்பு, அவற்றை இணைக்கும் வாய்க்கால் எல்லாவற்றையும் 'காலி நிலம்' என்று கருதாமல் நகருக்கு வேலை செய்யும் நிலமாகக் குறித்து, யார் விண்ணப்பித்தாலும் அவற்றின் நிறத்தை மாற்றக்கூடாது. மற்றொன்று: எந்தக் குடும்பத்தை இடம் மாற்றினாலும், குழந்தை நடந்து போகும் தூரத்தில் பள்ளி திறந்த பிறகே மாற்ற வேண்டும். நிலத்தின் விலைபற்றிய பத்தியை இன்னும் எழுதி முடிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் விழாவுக்கு அந்தத் தோழியை அழைத்திருந்தோம், வந்தாள். விழா அரங்கில் மாட்டியிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தாள். தன் குடியிருப்பைத் தேடிக் கண்டுபிடித்தாள். மஞ்சளாகத் தீட்டியிருந்தோம். "இங்கே மழைக்கு மூணு நாள் தண்ணி நிக்கும்டி. சதுப்பு பக்கத்துலதானே இருக்கோம். நீலத்தையும் சேர்த்துப் பூசுங்க" என்றாள். பென்சில் பெட்டியைக் கொண்டு வந்து அவள் கையாலேயே வெளிர் நீலக் கோடுகள் போடச் செய்தோம். நிறங்களின் விளக்கப் பட்டியலில் மஞ்சளும் நீலமும் கலந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது. செய்முறைத் தேர்வுக்கு வருபவர் கேட்டால் விளக்கம் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார்.