கொல்லையில் பழைய கார், தொட்டிலில் புதுக் குழந்தை!

உங்கள் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று நிற்கிறதா? தாத்தா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, அப்பா ஓட்டிய பியட்டோ, அம்பாசடரோ... "ஒருநாள் இதைப் புதுசு மாதிரி ஆக்கிக் காட்டறேன் பார்!" என்று சபதம் போட்டு, பாதி கழற்றியும் வைத்திருக்கிறீர்களா? அந்த நேரம் பார்த்து வீட்டில் நல்ல செய்தியும் வந்துவிட்டதா?

அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். "காரைத் தூக்கி பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள்" என்று சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள். எந்த வேலையை எப்போது செய்வது, எங்கே செய்வது, எதைத் தள்ளிப் போடுவது என்பதுதான் இங்கே பாடம்.

ஆசை நியாயமானதுதான்

ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூரில் 1961-லிருந்து தயாரான கார். பத்துப் பதினோரு வருஷத்தில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. பத்மினியும் நின்றுவிட்டது. அம்பாசடர் 2014-ல் விடை பெற்றது. இனி ஒன்று புதிதாகக் கம்பெனியிலிருந்து வராது. கோவையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜீடி கார் மியூசியத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, தங்கள் வீட்டு வண்டி மேல் பாசம் இரண்டு மடங்காகிவிடும். போதாததற்கு, 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறையை மத்திய அரசு 2021-ல் கொண்டு வந்திருக்கிறது.

ஆக, ஆசையில் தப்பில்லை. அது வரும் நேரத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

"வீடு காலி, வேலையை ஆரம்பி!"

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கம் நமக்குத் தெரிந்ததே. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு, சீமந்தம். அதோடு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பிரசவம் அங்கேயே. பிறகு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீட்டுக்குக் கொண்டு வந்து விடுவார்கள்.

கணக்குப் பாருங்கள். ஏறக்குறைய அரை வருஷம் கணவர் தனி ஆள். "ஆஹா, இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? குழந்தை வர்றதுக்குள்ள வண்டியை முடிச்சிடலாம்!" என்று தோன்றுவது இயற்கை. இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, நீங்கள் கிளப்பிய தூசி நீங்கள் வேலையை முடித்ததும் போய்விடாது. இன்னொன்று, குழந்தை வளர்வது வண்டிக்காகக் காத்திருக்காது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

பழைய காரின் பெயிண்டிலும், அதற்கு அடியில் அடித்த பிரைமரிலும் ஈயம் கலந்திருக்கலாம். சில பழைய வண்டிகளின் பாடி இணைப்புகளில் ஈயத்தையே உருக்கி நிரப்பியிருப்பார்கள். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும், கிரைண்டரால் சுரண்டினாலும், ஊதுவிளக்கால் சுட்டாலும் ஈயம் தூசியாக, புகையாகக் கிளம்பும்.

அந்தத் தூசி எங்கே போகும்? நம் ஊர்ப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசல் திண்ணையிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்க்கோடு. நடுவில் ரேழி, கூடம், முற்றம். கொல்லைக் காற்று கூடத்துக்கு வர எத்தனை நேரமாகும்? பல தெருக்களில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். நம் தூசி அவர்கள் வீட்டுக் குழந்தைக்கும் போகும்.

இப்போது குழந்தை பக்கம் பாருங்கள். ஐந்தாம் மாதம் கொண்டு வந்து விடுகிறார்கள். சரியாக அந்தப் பருவத்தில்தான் குப்புறித்துக்கொண்டு, கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும். அடுத்த சில மாதத்தில் கூடம் முழுக்கத் தவழும். தரையில் கிடக்கும் தூசி கைக்கு வரும். கை வாய்க்குப் போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் இன்னும் அதிகம்.

ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பு, கவனம், குணம் எல்லாவற்றிலும் அது தெரியும். "இந்த அளவு வரை பரவாயில்லை" என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆரம்பத்தில் அறிகுறியே இருக்காது என்பதுதான் கொடுமை. தாயின் ரத்தத்தில் ஈயம் இருந்தால் அது கருவுக்கும் போகும். ஆகவே கர்ப்பிணி மனைவியை "சும்மா வந்து டார்ச் பிடி" என்றுகூடக் கூப்பிடாதீர்கள்.

"இப்போது பெயிண்டில் ஈயம் கிடையாதே?" என்று கேட்கலாம். 2017 நவம்பரில் அமலுக்கு வந்த விதி வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டுகளுக்கானது. வாகன பெயிண்டுக்கு அல்ல. புதிதாக வாங்கும் டப்பாவிலும் ஈயம் இல்லை என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

ஈயம் மட்டுமா?

பிரேக், கிளட்ச்: பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதுவது பலருக்கும் வழக்கம். அது கூடவே கூடாது. கல்நார் இழை நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயை வரவழைக்கும். வேலை செய்தவரின் சட்டையைத் துவைத்த மனைவிமார்களுக்கே நோய் வந்த சரித்திரம் உலகில் உண்டு. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

ஸ்பிரே பெயிண்ட்: ஹார்டனர் கலந்து அடிக்கும் பளபளப்பு பெயிண்டுகளில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. மூக்கில் கட்டும் கைக்குட்டையோ, துணி மாஸ்கோ இதற்குப் போதவே போதாது. இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். தகுந்த அறை, காற்றோட்டம் உள்ள பெயிண்டிங் கடையில் விட்டுவிடுங்கள். குரோமியம் முலாமும் அப்படித்தான்.

தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய்: தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்க் பாட்டிலிலும் ஊற்றி வைக்கிறோமே, குழந்தைகள் விஷயத்தில் அதுதான் எமன். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால் எதுவும் புகட்ட வேண்டாம். வாந்தியெடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து அதிகம். நனைந்த துணியைக் கழற்றி, தோலைக் கழுவிவிட்டு, 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எதைக் குடித்தது என்று காட்ட பாட்டிலையும் கையில் எடுத்துப் போங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை

நம் டெல்டாவில் இன்னொரு கவனமும் தேவை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த ஈரக் காற்றில் பெயிண்ட் அடித்தால் வெளிறிப் பூத்துவிடும். தேய்த்து வெறுமனே விட்ட தகரத்தில் இரண்டே நாளில் துரு ஏறும். மழைக்குப் பயந்து ஜன்னல், கதவைச் சாத்திவிட்டு வேலை செய்தால் புகையும் நெடியும் வீட்டுக்குள்ளேயே சுற்றும். பிரசவத் தேதியும் மழைக்காலமும் ஒன்றாக வருகிறதா? தார்ப்பாயை இழுத்துப் போர்த்திவிட்டு மாமியார் வீட்டுக்குப் பஸ் ஏறுங்கள். வண்டிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

அப்பா ஆவது பிரசவ நாளில் அல்ல

"பிறந்த குழந்தைக்கு அப்பா எதுக்குங்க? அம்மாவும் பாட்டியும் பார்த்துப்பாங்க" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம். இது சரியல்ல.

பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் இளைஞர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. தகப்பனானவர்களின் உடம்பில் ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. குழந்தையைத் தினமும் அதிக நேரம் பார்த்துக்கொள்பவர்களிடம் அது இன்னும் குறைவாக இருக்கிறது என்று கண்டார்கள். பயப்பட வேண்டாம், இது வியாதி அல்ல. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆணின் உடம்பும் தயாராகிறது என்று அர்த்தம்.

குறைந்த எடையில் பிறந்த குழந்தையை மார்போடு அணைத்துச் சூடு தரும் கங்காரு முறையைத் தாய்க்கு முடியாத நேரத்தில் தகப்பனும் செய்யலாம். ஆறு வாரத்தில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கும். "மாப்ளே, உங்களை மாதிரியே சிரிக்கிறான்!" என்று மாமியார் போனில் சொல்லிக் கேட்பதா, நேரில் பார்ப்பதா? மகாமகம்கூட 12 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 2016-ல் விட்டவர்கள் 2028-ல் பார்க்கலாம். முதல் சிரிப்பு திரும்பி வராது.

தாயின் மனநிலையையும் கவனியுங்கள். நம் நாட்டில் பிரசவமான தாய்மார்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. காரணமில்லாத அழுகை, குழந்தை மேல் பிடிப்பில்லாமை, தூக்கமே வராமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தகப்பன்மாரிலும் பத்தில் ஒருவருக்கு இந்தச் சோர்வு வருவது உண்டு. ராத்திரி பகலாகக் கொல்லையிலேயே கிடப்பது சில சமயம் ஆசையால் அல்ல, ஒளிந்துகொள்வதற்காக என்பதை உங்களுக்கு நீங்களே கேட்டுப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

எப்போது எந்த வேலை?

முதல் ஆறு மாத கர்ப்பம்: பாடி, டிங்கரிங், பெயிண்ட் சுரண்டல் எல்லாம் வெளிக் கடையில். வீட்டில் ஆவணங்களைத் தேடுவது, ஆர்.சி. புத்தகத்தைச் சரிபார்ப்பது, பாகங்களின் பட்டியல் போடுவது. பிரசவச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்த பிறகே வண்டிக்கு பட்ஜெட்.

வளைகாப்பு முதல் பிரசவம் வரை: கழற்றிய பாகங்களை மாட்டுவது, வயரிங், சீட் தைக்கக் கொடுப்பது. பேறு காலம் நெருங்கிவிட்டால் எந்நேரமும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். வீட்டில் ஓடக்கூடிய வேறு வண்டி இருக்கட்டும்.

பிரசவம் முதல் மூன்று மாதம்: வண்டிக்கு முழு ஓய்வு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். அதை டிங்கர் கடையில் கழிக்காதீர்கள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளுக்கு நீங்களே தூக்கிப் போங்கள்.

குழந்தை வீட்டுக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்: கொல்லை வேலையை அடியோடு நிறுத்துங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத் துணியால் தரை, ஜன்னல் விளிம்பு, அலமாரி எல்லாவற்றையும் இரண்டு மூன்று முறை துடையுங்கள்.

குழந்தை வந்த பிறகு: ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போதும், அதுவும் மனைவியைக் கேட்டு. வேலைக்கென்று தனி உடுப்பு, தனிச் செருப்பு. முடித்ததும் கொல்லையிலேயே குளித்து, உடை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். அந்த உடுப்பைக் குழந்தைத் துணியோடு துவைக்க வேண்டாம்.

ராத்திரி விழித்த மறுநாள் கிரைண்டரைத் தொடாதீர்கள். பச்சைக் குழந்தை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். உங்கள் தூக்கமும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது எந்த நாளிலும் கூடாது.

வாசகர்கள் கேட்கக்கூடிய சந்தேகங்கள்

கேள்வி: குழந்தையை முதல்முதலில் அந்தக் காரிலேயே ஜம்மென்று அழைத்து வரலாமா?

பதில்: வேண்டாம். ஹெரால்டு, பழைய பியட் போன்றவற்றில் சீட் பெல்ட்டே கிடையாது. குழந்தை இருக்கையைப் பொருத்த வழியில்லை. மடியில் வைத்திருக்கும் குழந்தையை மோதலின்போது யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பாதுகாப்பாக அமர்த்த வேண்டும் என்பது 2019-லிருந்து சட்டம். தரைத் தகரம் அரித்திருந்தால் சைலன்சர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனையே இல்லை. பெல்ட் உள்ள வாடகைக் காரில் அழைத்து வாருங்கள். பழைய காரை வாசலில் நிறுத்தி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே வீட்டிலேயே பெயிண்டைச் சுரண்டிவிட்டோம். இப்போது என்ன செய்வது?

பதில்: மேலே சொன்னபடி ஈரத் துடைப்பு செய்யுங்கள். குழந்தை நல டாக்டரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

கேள்வி: வண்டி பாதியில் நின்றால் பாகமெல்லாம் தொலைந்துவிடுமே?

பதில்: ஒவ்வொரு நட்டு, போல்ட்டையும் பையில் போட்டு, எங்கே கழற்றியது என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். துருப்பிடிக்கும் இடங்களில் கிரீஸ் தடவி மூடுங்கள். ஒரு வருஷம் என்ன, மூன்று வருஷமும் தாங்கும்.

வண்டி நாற்பது, ஐம்பது வருஷம் காத்திருந்தாயிற்று. இன்னும் இரண்டு வருஷம் காத்திருப்பதில் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. தவழும் பருவம் தாண்டி, "அப்பா, அந்த நட்டை எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்கும் வயது வந்ததும், சுத்தமான வேலைகளில் ஒரு சின்ன உதவியாளர் கிடைப்பார். அதுவரை பொறுமை!