தங்கச்சியோட பிளஸ் ஒன்னுக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து நம்ம சேனலுக்கு வர்ற மெயில்களோட நிறமே மாறிடும். மியூச்சுவல் ஃபண்டு, டேக்ஸ் எல்லாம் பின்னாடி போயிடும். "தம்பியை எந்த குரூப்ல சேர்க்கலாம்?", "தங்கச்சிக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட லோன் போடலாமா?" இதுதான் கேள்வி. வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரர் நீங்கதான்னா, இந்தக் கேள்வி உங்களைத் தேடி வந்தே தீரும்.

அப்படி வந்த ஒரு மெயிலை வெச்சு இந்தப் பதிவை எழுதறேன். எழுதினவர் மரக்காணத்துக்காரர். அப்பா, அம்மா ரெண்டு பேரும் உப்பளத்தில் கூலி வேலை. இவர் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் டிகிரி முடிச்சிட்டு சிறுசேரியில் வேலை பார்க்கிறார். கைக்கு வர்ற சம்பளம் 28,000. தங்கச்சி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, பத்தாவதில் நல்ல மார்க். ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் "பிளஸ் ஒன், பிளஸ் டூவோட நீட் கோச்சிங்கும் சேர்த்து, வருஷத்துக்கு ஒன்றரை லட்சம்" என்று சொல்லியிருக்காங்க. "3 லட்சம் பர்சனல் லோன் எடுத்துடலாமா அண்ணா? நான் பட்ட கஷ்டம் அவ படக் கூடாது" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரியை மதிக்கிறேன். ஆனா பாசத்தில் எடுக்கிற முடிவுக்கும் கணக்கு உண்டு. அதைப் போட்டுப் பார்ப்போம்.

முதல் கணக்கு: கடனோட விலை

3 லட்சம், 14 சதவீத வட்டி, 3 வருஷம்னு வைங்க. மாத இஎம்ஐ சுமார் 10,250 ரூபாய். அவர் சம்பளத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல் போயிடுது. மொத்தமா கட்டுறது ஏறக்குறைய 3,69,000. வட்டி மட்டும் 69,000.

இதில் இன்னொரு விஷயம் இருக்கு. இஎம்ஐ மாசாமாசம் வரும், ஆனா உப்பளக் கூலி மாசாமாசம் வராது. ஐப்பசி மழை இறங்கினா பாத்திகள் தண்ணிக்குள்ள போயிடும். மழை முடிஞ்சு, சேறு வாரி, பாத்தியைச் சமன் பண்ணி, மறுபடி உப்பு எடுக்கத் தொடங்க பொங்கல் தாண்டிடும். அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கொடுக்குது. அது ஒரு குடும்பம் மூணு மாசம் சாப்பிடக் காணாது. அந்த நேரத்தில் வீட்டுச் செலவும் மகன் தலையில்தான். பள்ளியின் ரெண்டாம் தவணைக் கட்டணமும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வரும். நல்ல மாசத்தை மனசில் வெச்சு இஎம்ஐ முடிவு பண்ணக் கூடாது. நவம்பர் மாசத்தை வெச்சு முடிவு பண்ணணும்.

இரண்டாவது கணக்கு: கைவிட்டுப் போற பணம்

இதைத்தான் பல பேர் போடறதே இல்லை.

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கு. 2020ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்றவங்களோட கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாத்தையும் அரசே ஏற்கும்னு அறிவிச்சாங்க.

"ஆறு முதல் பன்னிரண்டு வரை" என்ற வார்த்தையைக் கவனிங்க. அஞ்சு வருஷம் அரசுப் பள்ளியில் படிச்சிட்டு, கடைசி ரெண்டு வருஷத்துக்கு மட்டும் தனியாருக்கு மாத்தினா இந்த உரிமை போச்சு. அதுவும் நாமே கடன் வாங்கி, காசு கொடுத்து அதை இழக்கிறோம்!

அடுத்தது, புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் படிச்ச மாணவிகளுக்கு உயர்கல்வி முடியுற வரை மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கினது. பசங்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. நாலு வருஷப் படிப்புக்கு 48,000 ரூபாய். பஸ், புத்தகம், செல்போன் ரீசார்ஜ் செலவுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

மூணாவதா ஒரு எதிர்பாராத விஷயம். முதல் தலைமுறை பட்டதாரி சலுகை இருக்கேன்னு நம்ம நண்பர் நினைச்சிட்டு இருந்தார். அந்தச் சான்றிதழுக்கு வீட்டில் வேற யாரும் பட்டதாரியா இருக்கக் கூடாது, அண்ணன் அக்கா உட்பட. இவர் டிகிரி முடிச்சதால் தங்கச்சிக்கு அது கிடைக்காது. அதனால 7.5 சதவீத வழி இந்த வீட்டுக்கு இன்னும் முக்கியமாயிடுது.

இப்போ கூட்டுங்க. பள்ளிக் கட்டணம் 3 லட்சம், வட்டி 69,000, போன உதவித்தொகை 48,000. நாளைக்கு ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு மூலமா சேர்ந்து, வருஷம் 50,000 கட்டணம்னு வெச்சா இன்னொரு 2 லட்சம். மொத்தம் 6,17,000 ரூபாய். "3 லட்சம் லோன்" என்று ஆரம்பிச்ச முடிவோட உண்மையான விலை இது.

ஒண்ணு நேர்மையா சொல்லிடணும். ஒதுக்கீடு இருக்குன்னா இடம் உறுதின்னு அர்த்தம் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள போட்டி இருக்கு, மார்க் எடுத்தாகணும். மருத்துவத்துக்கு நீட் எழுதித்தான் ஆகணும். ஆனா ஓடுற பந்தயம் வேற, கூட ஓடுறவங்களும் வேற.

பலர் வழுக்கி விழுற மூணு இடம்

அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளிதானேன்னு நினைக்காதீங்க. அங்கே தமிழ் வழியில் படிச்சவங்களுக்கு 2024-25லிருந்து உதவித்தொகை உண்டு. 7.5 சதவீதம் கிடையாது.

மரக்காணத்துக்காரங்களுக்கு புதுச்சேரி பக்கம், ஈசிஆரில் ஒரே பஸ். ஆனா எல்லை தாண்டிச் சேர்த்தா இந்த ஒதுக்கீடு பொருந்தாது, அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு உரியது.

பெங்களூரில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கும் இதேதான். "தம்பியை இங்கே கூட்டிட்டு வந்து பியூசி சேர்த்துடறேன்"னு கேக்குறீங்க. நம்ம ஊரில் பியூசி 1978லேயே போய் பிளஸ் டூ வந்தாச்சு, கர்நாடகத்தில் அந்தப் பேர் இன்னும் இருக்கு. படிப்பு ஒண்ணும் குறைச்சல் இல்லை. ஆனா தம்பி அரசுப் பள்ளிப் பையன்னா, ஊரில் விட்டுட்டு வர்றது என்னன்னு தெரிஞ்சு முடிவு பண்ணுங்க.

எந்த குரூப்?

நான் நண்பருக்கு அனுப்பின பதிலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "தங்கச்சி என்ன சொல்றாங்க?" ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்தது. அந்தப் பொண்ணுக்குக் கணக்குன்னா உயிராம். டாக்டர் படிப்பில் ஆசையே இல்லையாம். "நீட்டெல்லாம் நான் எழுத மாட்டேன், யாருமே என்னைக் கேக்கலையே" என்று சொல்லியிருக்கு. எழுதவே போகாத பரீட்சைக்கு 3 லட்சம் கடன் வாங்க இருந்தோம்!

குரூப் எடுக்கிறதை ஒரு கதவுக் கணக்கா பாருங்க. எந்தக் கதவு திறந்திருக்கும், எது மூடும்?

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தா பொறியியலும் மருத்துவமும் ரெண்டும் திறந்திருக்கும். ஆனா சுமை அதிகம். ரெண்டில் ஒண்ணு வேண்டாம்னு உறுதியா தெரிஞ்சா அந்தச் சுமை எதுக்கு?

உயிரியலுக்குப் பதிலா கணினி அறிவியல் எடுத்தா நீட், நர்சிங் பக்கம் மூடும். பொறியியல், பிஎஸ்சி, பிசிஏ எல்லாம் திறந்திருக்கும்.

கணிதம் இல்லாத அறிவியல் குரூப்பில் மருத்துவம், நர்சிங் உண்டு. பொறியியல் கலந்தாய்வுக்கு வழி பெரும்பாலும் மூடிடும்.

வணிகவியல் குரூப் "மார்க் கம்மியானவங்களுக்கு"ன்னு ஒரு பேச்சு ஊரில் இருக்கு. அதை நம்பாதீங்க. பிகாம், சட்டம், வங்கித் தேர்வு எல்லாத்துக்கும் அது நல்ல அடித்தளம். சிஏ ஃபவுண்டேஷன் எந்த குரூப் படிச்சவங்களும் எழுதலாம். நானே ஃபர்ஸ்ட் குரூப் படிச்சிட்டு சிஏவுக்கு வந்தவன்தான். முதல் ஆறு மாசம் டெபிட் எது, கிரெடிட் எதுன்னு தெரியாம முழிச்சேன். காமர்ஸ் படிச்சிருந்தா அந்த முழி மிச்சம்.

பாலிடெக்னிக், பத்தாவது முடிச்சதும் மூணு வருஷம். பதினெட்டு, பத்தொன்பது வயசில் கையில் ஒரு டிப்ளமோ. அப்புறம் விரும்பினா பிஇ ரெண்டாம் வருஷத்தில் நேரடியா சேரலாம். வீட்டில் சீக்கிரம் இன்னொரு வருமானம் வேணும், பையனுக்குக் கை வேலையில் ஆர்வம் இருக்குன்னா இதுவும் ஐடிஐயும் தாழ்ந்த வழி இல்லை. ரெண்டும் உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்துக்குள்ளேயும் வருது.

பக்கத்து அரசுப் பள்ளியில் வேணும்ங்கிற குரூப் இல்லைன்னா உடனே தனியாருக்கு ஓட வேண்டாம். அடுத்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருக்கான்னு கேளுங்க. மாணவர்களுக்கு அரசு பஸ்ஸில் பயண அட்டை இலவசம்.

இனிமேல் உங்க பங்கு

கடன் வேண்டாம்னா சும்மா இருக்கலாம்னு அர்த்தம் இல்லை. நண்பருக்கு நான் சொன்ன திட்டம் இதுதான்.

ஒண்ணு, மழைக்கால நிதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான வீட்டுச் செலவை ஒரு தனி சேவிங்ஸ் கணக்கில் இப்பவே சேர்க்க ஆரம்பிங்க. வீட்டில் அரிசி இருந்தாத்தான் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்.

ரெண்டு, கல்லூரி நிதி. மாசம் 3,000 ரூபாய் 24 மாசத்துக்கு ஆர்டி. 6.5 சதவீத வட்டின்னா பிளஸ் டூ முடியும்போது ஏறக்குறைய 77,000 கையில் இருக்கும். ரெண்டே வருஷத்தில் வேணும்ங்கிற பணத்தை ஷேர் மார்க்கெட் பக்கம் கொண்டு போகாதீங்க.

மூணு, கடன் தேவைப்பட்டா அது பிளஸ் டூவுக்கு அப்புறம், கல்விக் கடனா இருக்கட்டும். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை மார்ஜின் பணமும் சொத்து அடமானமும் கேக்க மாட்டாங்க. படிக்கிற காலமும் அதுக்கு அப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை.

நாலு, டேக்ஸை நினைச்சு முடிவு பண்ணாதீங்க. டியூஷன் ஃபீஸுக்கான வரிக் கழிவு சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில். தம்பி தங்கச்சிக்குக் கிடையாது. ஒரு ஆறுதல்: நீங்க அவங்களுக்குக் கொடுக்கிற பணத்துக்கு அவங்க கையில் வரி இல்லை.

அஞ்சாவதுக்குக் காசு தேவையில்லை. பத்தாவதில் 90 வாங்கின பிள்ளை பிளஸ் ஒன் காலாண்டில் இயற்பியலில் 40 வாங்கும். பாடம் அவ்வளவு பெரிசு. அப்பா அம்மாவுக்கு அது புரியாது, திட்டுவாங்க, இல்லைன்னா பயந்துடுவாங்க. அந்த வீட்டில் பிளஸ் டூவைத் தாண்டினவர் நீங்க ஒருத்தர்தான். ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் போன் போட்டு "என்ன மார்க்?"னு கேக்காம "எந்தப் பாடம் புரியல?"னு கேளுங்க. குரூப் ஒத்து வரலைன்னா முதல் சில வாரத்துக்குள்ளேயே தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்க. தள்ளிப் போட்டா மாத்தறது கஷ்டம்.

உங்க வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே தனியார் பள்ளியில் படிச்சதுன்னா, மேலே சொன்ன ரெண்டாவது கணக்கு பொருந்தாது. அப்போ ஆசிரியர், தூரம், கட்டணம் இந்த மூணை மட்டும் பாருங்க. யாரா இருந்தாலும், சேர்க்கிறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து விதிமுறையை ஒரு தடவை பள்ளியில் உறுதி பண்ணிக்கோங்க.

நம்ம நண்பரோட தங்கச்சி இப்போ அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம், கணினி அறிவியல் குரூப். நண்பர் ஆர்டி ஆரம்பிச்சுட்டார். கடைசி மெயிலில் ஒரு வரி: "அண்ணா, லோன் எடுத்திருந்தா தீபாவளிக்கு வீட்டுக்கு ஒண்ணும் அனுப்பியிருக்க முடியாது. இந்த வருஷம் மழை சீக்கிரமே வந்துடுச்சு."

நான் பட்ட கஷ்டம் அவ படக் கூடாதுன்னு நினைக்கிறது சரிதான். அதுக்காக எடுக்கிற கடன் அவளோட கஷ்டமா மாறிடக் கூடாது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து இந்த ரெண்டு கணக்கையும் போடுங்க. அதுக்கும் முன்னாடி, படிக்கப் போற பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, அது என்ன நினைக்குதுன்னு கேளுங்க.